சட்டைப் பையைக் காட்டிவிட்டுப் பாங்கு சொன்னவர்

உவைஸ் நானாவின் மௌத்துச் செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி ரஹ்மா மதினி. நான் மதுரங்குளியில் என்னுடைய கடிகாரம் திருத்தும் கடையில் இருந்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, சுவர்க் கடிகாரம் ஒன்றின் முதுகைத் திறந்து வைத்திருந்த நேரம். பக்கத்து வீட்டுக்காரரின் ஃபோனில் மதினி பேசினார். "தம்பி, அவங்க போயிட்டாங்க" என்றார்.

மௌத்துச் செய்தி காதில் விழுந்ததும் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வருவது, இறைவனிடமிருந்து வந்தோம் அவனிடமே மீளுகிறோம் என்ற வார்த்தை. நடக்கப் பழகும் பிள்ளைக்கும் அது தெரியும். அன்று அது என் வாயில் வரவில்லை. "குளிசையா மதினி?" என்று கேட்டேன். மாத்திரைதான் அவரைக் கொண்டுபோனதா என்று.

மதினி, "வந்து பாருங்க தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

புருஷனை இழந்து சிறிது நேரமே ஆன ஒரு பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி அது. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. நானாவைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவன் நான் என்பதால், நானே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எல்லோருக்கும் அண்ணன் முறையான நானாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாம்புரிப் பக்கம் தென்னந்தோட்டம் ஒன்றுக்குள் இருந்த எங்கள் அகதி முகாமில் அவர் பள்ளிவாசல் மோதினார், தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைப்பவர். வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள் நாங்கள். ஒருவர் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தூக்கி வந்தார். நான் என் கடிகாரம் திருத்தும் சாமான் பெட்டியைக் கொண்டு வந்தேன். உவைஸ் நானா தொண்டையைக் கொண்டு வந்தார் என்று கேலி பண்ணுவோம். கிடுகுக் கூரை போட்ட பள்ளி. கரண்ட் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அவர் காதில் கை வைத்துப் பாங்கு சொன்னால் கடல் பக்கம் வலை இழுக்கிறவர்களுக்கும் களப்புப் பக்கம் இறால் பிடிக்கிறவர்களுக்கும் கேட்கும். வீதியில் இருந்த காவலரணில் ஒரு சிங்களச் சிப்பாய் நிற்பான். பின்னேரப் பாங்கு கேட்டால் அவனுக்கு டியூட்டி மாறும். நேரம் இழுபட்டால், "மாமா இன்னும் கூப்பிடல்லையா?" என்று பாதித் தமிழில் எங்களிடம் கேட்பான். நானாவுக்கு அதில் ஒரு பெருமை. சுபஹுக்கு எழும்பாமல் பாயில் கிடக்கிறவர்களிடம், "ஆமிக்காரன் காத்துக்கிட்டு நிக்கிறான் என்ட பாங்குக்கு. உங்களுக்கு என்ன வந்திச்சு?" என்று ஏசுவார்.

பள்ளி வேலையில் வீடு நடக்காது. ஊரில் புடைவைக்கடையில் நின்ற மனிதர், இங்கே தோட்டத்துக்காரர்களுக்குத் தேங்காய் பறிக்கப் போனார். மரம் ஏறிப் பழக்கமில்லாதவர். மழைக்குப் பிறகு ஒருநாள் மரம் வழுக்கி, முதுகு நிலத்தில் அடிபட விழுந்தார். நாங்கள் ஓடிப்போனபோது நினைவோடுதான் கிடந்தார். "காலக் கொஞ்சம் நீட்டி வைங்கப்பா" என்றார். கால் நீட்டித்தான் இருந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கி டிரக்டரில் போட்டுக்கொண்டு போனோம். அப்படித் தூக்கியிருக்கக் கூடாது, பலகையில் வைத்து அசையாமல் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்களுக்கு யார் அதைச் சொல்லித் தந்தார்கள்?

மாதக்கணக்கில் கொழும்புப் பக்கம் கிடந்து, சக்கர நாற்காலியோடு திரும்பி வந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. முகாமோ வெறும் மணல். நாற்காலியின் சில்லு புதைந்து நின்றுவிடும். அவருடைய குடிலிலிருந்து பள்ளி வரைக்கும் எல்லோருமாகச் சேர்ந்து தேங்காய்ப் பொச்சுமட்டையைப் பரப்பி, மிதித்து இறுக்கி, மேலே பலகை போட்டு ஒரு பாதை செய்து கொடுத்தோம். அந்தப் பாதையில் முதல் முறையாகத் தானே சில்லை உருட்டிக்கொண்டு வந்து அவர் ளுஹருக்குப் பாங்கு சொன்னார். அழாத ஆள் இல்லை. அவருக்கு மிஞ்சியது அந்தப் பாங்கு ஒன்றுதான் என்பது எங்களுக்குத் தெரியும்.

மிஞ்சியது இன்னொன்றும் இருந்தது. அதை நாங்கள் நம்பவில்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாத அந்தக் கால்கள் இரண்டும் எரிந்தன. "கால் எனக்கில்ல. நெருப்பு மட்டும் என்ட" என்பார். உணர்ச்சி இல்லாத கால் எப்படி வலிக்கும் என்று முகாமில் பலரும் கேட்டார்கள். மனப்பிரமை என்றார் ஒருவர். நேர்ச்சை வைக்கச் சொன்னார் இன்னொருவர். முதுகு அடிபட்டவர்களுக்கு அப்படி எரிவது உண்மைதான் என்று கிளினிக் டொக்டர் சொன்னதை நானா வந்து சொன்னபோது, அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. வலிக்கு மருந்து கிடைத்ததைவிட, தான் பொய் சொல்லவில்லை என்று ஆகியதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். எரிவுக்கு ஒன்று, கால் தானாக வெட்டி இழுப்பதற்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று. சரியாகக் குடித்தால் உதவியது. ஆனால் சண்டைக் காலம். கிளினிக் நாளில் வீதி பூட்டியிருக்கும். திறந்திருந்தால் மருந்து வந்திருக்காது. எங்காவது சொல்லி நிறைய வாங்கிவரவும் முடியாது. பையில் குளிசைப் பட்டைகளோடு வருகிறவரைச் சோதனைச் சாவடியில் இறக்கிவைத்து, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று குடைந்தெடுப்பார்கள்.

நோயாளியைப் பார்க்கப் போவது எங்களுக்குப் பெரிய நன்மையான காரியம். வெறுங்கையோடு யாரும் போவதில்லை. மற்ற வீடுகளுக்கு பிஸ்கட், தோடம்பழம் கொண்டுபோகிறவர்கள், நானாவைப் பார்க்கப் போகும்போது குளிசை கொண்டுபோனார்கள். தங்கள் வீட்டில் யாரோ குடித்து மிஞ்சியது. உம்மாவின் நித்திரைக் குளிசை, பிள்ளைத்தாய்ச்சியின் இடுப்பு வலிக் குளிசை, வலிப்புக்காரரின் குளிசை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் சாவடியிலும் கேள்வி இல்லை. பேர் யார் பார்த்தார்கள்? மஞ்சள் நிறம் நெருப்புக்கு நல்லது என்று ஒரு கதை. நானும் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு வரும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். முகாமில் யாரிடமும் கொடுக்க ஒன்றுமில்லாத காலத்தில், கொடுக்க எங்களிடம் அது இருந்தது.

அவர் எல்லாவற்றையும் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கைக்கு எட்டும் இடம் அதுதான். எரியும்போது பையில் விரலை விடுவார், வந்ததை வாயில் போடுவார். பேச்சு இழுபடத் தொடங்கியது. பகலில் நாற்காலியிலேயே தலை தொங்கும். "மோதினார் பொக்கட்டுல ஃபார்மசி வெச்சிரிக்கார்" என்று நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பாக்க வாற ஆக்கள்ட்ட குளிசை கொண்டர வேணாமெண்டு சொல்லுங்க" என்றார். வலியில் கிடக்கிற மனிதனுக்குக் கொடுக்காதே என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். சொல்லவில்லை.

நோன்பு வந்தது. அவருக்கு நோன்பு கடமையில்லை, மௌலவியே சொல்லிவிட்டார். நானா கேட்கவில்லை. "நோன்பில்லாதவன் நோன்பு தெறக்கப் பாங்கு சொல்றதா?" என்றார். நாளெல்லாம் பிரித்துக் குடிக்க வேண்டிய குளிசைகளை விடியுமுன் ஸஹர் நேரத்திலேயே சேர்த்து விழுங்கினார். பகலில் ஒன்றும் வாயில் போட முடியாதே என்று பையிலிருந்தும் இன்னும் கொஞ்சம்.

ஒருநாள் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நோன்புக் கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றி வைத்துவிட்டுப் பள்ளியில் உட்கார்ந்திருந்தோம். நானா நித்திரையிலிருந்து திடுக்கிட்டு விழித்து, அந்த இருட்டைப் பார்த்து, பலகைப் பாதையில் வேகமாக உருட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் காதில் கை வைத்தார். பாங்கு சொன்னார். நாங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டோம், கஞ்சியைக் குடித்தோம். குடில்களில் பெண்களும் நோன்பைத் திறந்தார்கள். என் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. அதைத் திருத்திச் சோறு தின்கிறவன் நான். ஒருதரம் குனிந்து பார்க்கவில்லை. உவைஸ் நானா பாங்கு சொன்ன பிறகு கடிகாரத்தை யார் பார்ப்பார்கள்?

பிறகு மேகம் விலகியது. கடலுக்கு மேலே சூரியன் நின்றது. வாய் நிறையக் கஞ்சியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒருவரும் அவரை ஏசவில்லை. "மழ இருட்டு நானா, ஆருக்கும் வரும்" என்றார்கள். ஒரு நோன்பைக் கழாச் செய்தால், பிறகு ஒருநாள் பிடித்து ஈடுசெய்தால் போயிற்று என்றார் மௌலவி. உண்மையில் எங்களுக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் இன்னும் அன்பாகப் பேசினோம். அவர் இரவு இஷாத் தொழுகை வரைக்கும் பள்ளியிலேயே இருந்தார். தொழுகை முடிந்து எழும்பப் போனவர்களை, "கொஞ்சம் இரிங்க" என்று நிறுத்தினார். நாற்காலியை உருட்டி முன்னுக்கு வந்தார். சட்டைப் பையைப் பிடித்து வெளியே இழுத்துப் பாயில் கொட்டினார்.

"மழையில்ல. இதுதான்" என்றார்.

பாயில் மஞ்சள், வெள்ளை, ரோஸ் எனச் சிதறிக் கிடந்தன. சில இன்னும் பேப்பர் சுற்றிலேயே இருந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏனென்று எனக்குத் தெரியும். அவரவர் சுற்றிய பேப்பரை அவரவருக்கு அடையாளம் தெரிந்தது. என்னுடையது ஒரு கடிகாரப் பட்டி வந்த பளபளப்புத் தாள். விளக்கு வெளிச்சத்தில் அது மின்னிக்கொண்டே இருந்தது. யாராவது பொறுக்கி எடுக்கட்டும் என்று பார்த்தேன், எனக்குக் கை நீளவில்லை. அந்த அளவுக்கு வெட்கப்பட்டு நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

"ஆரும் தலையக் குனிய வேணாம்" என்றார் நானா. "நீங்க நன்மைக்குத்தான் தந்தீங்க. திண்டது நான். ஊர்ட நோன்ப நான் முறிச்சிப்போட்டேன்." அன்றோடு பாங்கு சொல்வதை விட்டார்.

குளிசையையும் அன்றோடு விடப் பார்த்தார். உடம்பு விடவில்லை. வேர்த்து ஊற்றியது, கால்கள் வெட்டி இழுத்து நாற்காலியிலிருந்து அவரைக் கீழே தள்ளின. மதினி வாடகை வேன் பிடித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் ஏசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். டொக்டர் எழுதிய குளிசையை மதினி முந்தானையில் முடிந்து வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுத்தார். நீண்ட காலம் எடுத்தது. நேராகவும் போகவில்லை. ஒரு பெருநாளில் பார்க்க வந்த யாரோ பழைய பழக்கத்தில் கையில் எதையோ வைத்துவிட்டுப் போக, இரண்டு நாள் மறுபடி தலை தொங்கியது. மதினி வாசலில் நின்று, வருகிறவர்களின் கையைப் பார்த்து உள்ளே விட்டார். பெருமைக்காரி என்று ஊர் சொன்னது.

கிளினிக்கின் நீள இருக்கையில், அந்த வாங்கில், அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். உடப்பைச் சேர்ந்த முருகேசு அண்ணன், தோணி கவிழ்ந்து முதுகு போனவர். இரண்டு பேரும் முன்பெல்லாம் காத்திருக்கும் நேரத்தில் குளிசை மாற்றிக்கொள்வார்கள். உன்னிடம் உறக்கம் இருந்தால் தா, என்னிடம் நெருப்பு இருக்கிறது என்று. அந்த வாங்கில் எல்லோரும் அப்படித்தானாம். நானா குறைக்கத் தொடங்கியதும் அவரையும் கூப்பிட்டார். முருகேசு அண்ணன் நாளைக்கு நாளைக்கு என்றார். ஒரு காலை எழும்பவில்லை. நானும் நானாவும் செத்தவீட்டுக்குப் போனோம். நெஞ்சுவலி என்றார்கள், குளிசையைப் பற்றிப் பேச்சில்லை. நானா திரும்பி வரும் வழியில் வேனுக்குள்தான் பேசினார்.

"அந்தச் சனத்தப் பிழை சொல்ல ஏலாது. வெக்கம். ஆனா அந்த வாங்கில இன்னும் எத்தினை பேர் இரிக்காங்க. நான் மௌத்தானா, நல்ல மனுசன் எண்டு சொல்லி மூடிப்போடாதீங்க தம்பி. குளிசையையும் சொல்லுங்க."

"இப்ப ஏன் நானா மௌத்துக் கதை?" என்றேன்.

"சொல்வீங்களா, இல்லையா?"

சொல்வேன் என்றேன். அந்த வாக்குக்காகவும்தான் இது.

அடுத்த நோன்புக்கு முன்னால் ஊரே போய் அவரைத் திரும்பவும் பாங்கு சொல்லக் கேட்டது. அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பாங்குக்கு முன் தன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவார். பக்கத்தில் ஒருவர் நின்று பையையும் பார்த்து, கடிகாரத்தையும் பார்த்து, எல்லாம் சரி என்று ஓம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் காதில் கை வைப்பார். அந்த ஆள் நான்தான் என்றும் அவரே தீர்த்தார்.

எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. ஊர் பார்த்திருக்க, மதிப்பான ஒரு மனிதர் திருடனைப் போலப் பையை இழுத்துக் காட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஓம் நானா, ஓம்" என்று அவசரமாகச் சொல்லிவிடுவேன். சில நாள் பொறுத்தார். ஒரு பின்னேரம், நான் ஓம் என்ற பிறகும் பையிலிருந்து கையை எடுக்காமல் இருந்தார். பள்ளிக்குள் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

"பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"உங்கள நம்பாமலா நானா?"

"நம்பித்தானே அண்டைக்குக் கஞ்சி குடிச்சீங்க? எனக்கு வெக்கமா இரிக்குமெண்டு பாக்காம விடுறீங்க. வலிக்குமெண்டு குளிசை தந்தீங்க. இதுவும் அதுதான்."

அதற்குப் பிறகு நான் பார்த்தேன். உள்துணி வெளியே தொங்கும் அந்த வெறும் பையை நேராகப் பார்த்து, பிறகு கடிகார முள்ளைப் பார்த்து, ஓம் என்றேன். அவருக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது. எரிவு நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். டொக்டரின் குளிசையோடும் அது கடைசிவரை எரிந்தது. சில நாள் பாங்கின் நடுவே குரல் நடுங்கி, பல்லைக் கடித்து மறுபடி எடுப்பார். பழைய குரல் திரும்ப வரவில்லை. வெளியூர்க்காரர்கள் அவரைக் "குளிசை மோதினார்" என்றார்கள். கேட்டால், "ஓம், நான்தான். உங்கட ஊர்ல முதுகு ஒடைஞ்ச ஆக்கள் இரிக்காங்களா? பாக்கப் போனா என்ன கொண்டு போறீங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

பிழைப்புக்காக நான் மதுரங்குளிக்குக் குடிவந்த பிறகு, ஓம் சொல்லும் வேலை வேறு ஆட்களுக்குப் போனது. மாதத்தில் ஒருதரம் போய்ப் பார்ப்பேன். கடைசியாகப் பார்த்தபோது முதுகில் படுக்கைப் புண் என்றார் மதினி. புண் ஆழமாகி, காய்ச்சல் வந்து, அதுவே அவரைக் கொண்டுபோய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அப்படி இருந்தும் "குளிசையா?" என்றுதான் என் வாய் கேட்டது. இத்தனை வருஷம் அவருடைய பையைப் பார்த்துச் சாட்சி சொன்னவனின் வாய்.

பாலாவியில் பஸ் மாறி, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, போய்ச் சேர இருட்டிவிட்டது. மறுநாள் காலை ஜனாஸாவைக் குளிப்பாட்ட எடுத்தபோது உதவிக்கு நின்றேன். போர்வையை விலக்கினோம். பள்ளிக்குப் போகும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பை வெளியே இழுபட்டு, நெஞ்சின் மேல் கிடந்தது.

மதினி, புருஷனை இழந்த பெண்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்தார். சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார்.

"அஸர் ஆனதும் பள்ளிச் சட்டையப் போட்டுவிடச் சொன்னாரு தம்பி. காய்ச்சல்ல பிதற்றுறாரெண்டுதான் நெனச்சேன். போட்டுவிட்டேன். தடவித் தடவிப் பைய இழுத்தாரு. 'பாத்துச் சொல்லு' எண்டாரு. நான் பாத்துத்தான் ஓம் எண்டேன். காதில கைய வெச்சாரு. சத்தம் வரல்ல."

என்னிடம் அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான்தான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "மன்னிச்சிருங்க மதினி" என்றேன். "அவரிட்டக் கேளுங்க" என்றார்.

மையவாடியில் அடக்கம் முடிந்ததும் நாலு வார்த்தை பேசியவர், நானாவின் குரலையும் பொறுமையையும் புகழ்ந்தார். அழகாகப் பேசினார். குளிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் நின்ற நாங்களும் வாய் திறக்கவில்லை. வெட்கம் அப்போதும் எங்களுக்குத்தான் இருந்தது, அவருக்கு அல்ல.

ஆகவே, நானா, இங்கே சொல்லிவிட்டேன். முதுகு உடைந்து கிடக்கிற எங்கள் மனிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள் படிக்கட்டும். உங்கள் சட்டையை நான்தான் கழற்றினேன். இந்தமுறை யாரும் கேட்காமலே பார்த்தேன், விரல் விட்டுத் தையல் வரைக்கும் பார்த்தேன். பை வெறுமையாக இருந்தது. ஓம் நானா. ஓம்.